வாசல் வடிகால் பணி: ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தாருக்கு மேல் தார் போட்டு உயர்த்தியதில், வீட்டு வாசல் சாலையைவிட ஒன்றேகால் அடி தாழ்ந்துவிட்டது. ஐப்பசி மழை வலுத்தால் சாலை நீர் சரிவில் இறங்கி, போர்டிகோவைக் கடந்து படிக்கட்டைத் தொடும். சென்ற ஆவணியில் ஒரு சிறு நிறுவனத்திடம் வடிகால் வேலையை ஒப்படைத்தோம்.

முதல் நாள் வந்த மேற்பார்வையாளர், அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரைக் கேட் அருகே ஊற்றி, அது ஓடிய வழியைச் சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொண்டார். பிறகு, பிடிக்கும் நீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்டார். முன்பு வந்து பார்த்த கொத்தனார்கள் இருவரும் கழிவுநீர்த் தொட்டியில் குழாயைச் சேர்த்துவிடலாம் என்றே சொல்லியிருந்தார்கள். பெருமழையில் அந்தக் குழாய் நிரம்பினால் கழிவுநீர் குளியலறை வழியாக எதிர்த்து வரும் என்பதை எடுத்துச் சொன்னவர் இவர்தான். எண்ணெயும் சேறும் கலந்த சாலை நீரை மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் விடவும் அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே மாடி நீர் மட்டும் கிணற்றுக்குப் போகிறது. வாசல் நீர் ஒரு குழியில் சேர்ந்து, வண்டல் அடியில் தங்கியபின், நீர்மட்டம் ஏறினால் தானே இயக்கும் மிதவை சுவிட்சு வைத்த சிறு மோட்டாரால் தெருவின் மழைநீர்க் கால்வாய்க்கு ஏற்றப்படுகிறது.

கேட்டின் அகலத்துக்கு, ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று பாலிமர் கான்கிரீட் (சிமெண்டுக்குப் பதில் பிசின் சேர்த்த கான்கிரீட்) வாய்க்கால் துண்டுகளை, நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் பதித்தார்கள். மேலே கார் ஏறுவதற்குரிய 'பி 125' தர வார்ப்பிரும்பு கிரேட்டிங், அதாவது நீர் இறங்க இடைவெளி விட்ட மூடி. நடைபாதைக்கு மட்டுமே உரிய 'ஏ 15' தரத்தை விலை குறைவு என்று யாரும் வாங்கிவிட வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் நாள் வந்த ஆட்கள் கிரேட்டிங்கைக் கழற்றிவைத்துவிட்டுப் பக்கவாட்டில் கான்கிரீட் கொட்டியதால், நடுத்துண்டின் சுவர்கள் உள்நோக்கி நெருங்கிவிட்டன. மூடி சரியாக உட்காராமல், கார் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று அடித்தது. படம் அனுப்பிய மூன்றாம் நாளே வந்து, அந்தத் துண்டை உடைத்தெடுத்து, கூடுதல் பணம் கேட்காமல் புதிதாகப் பதித்தார்கள். இப்போது மூடி பேவர் கல்லைவிட ஒரு நூல் தாழ்ந்திருப்பதால் நீர் தயங்காமல் உள்ளே விழுகிறது.

கார்த்திகையில் இரவு முழுக்கப் பெய்த மழையிலும் போர்டிகோவில் நீர் ஏறவில்லை. ஆனால் அன்று மின்சாரம் நின்றதும் மோட்டாரும் நின்றது. குழி நிரம்புவதற்குள் இன்வெர்ட்டரில் இருந்து அவசரமாக ஒயர் இழுத்தோம். அந்த இணைப்பை நிறுவனம் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்திருக்க வேண்டும்.