கோப்புகளைத் தொற்றும் வைரஸும் மீட்பு பென் டிரைவும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் ஃபிளெக்ஸ் அச்சுக் கடைக்கு வருவோர் டிசைனைப் பெரும்பாலும் பென் டிரைவில்தான் கொண்டுவருவார்கள் என்பதாலும், அச்சு இயந்திரத்துக்கான மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் ஓடாது என்பதாலும், கோப்புகளைத் தொற்றும் வைரஸ்களோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அந்த மென்பொருளின் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஆகவே மற்றவர்களைப் போல "ஃபார்மட் போட்டுவிடலாம்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இந்த நிலையில் நான் தொடர்ந்து நம்பிவந்தது மீட்பு பென் டிரைவை. கணினியில் உள்ள விண்டோஸை எழுப்பாமல், தன்னிடமுள்ள லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு துவங்கி, வன்தட்டை வெளியிலிருந்து சோதிக்கும் ஆன்டிவைரஸ் அது. கேஸ்பர்ஸ்கை, டாக்டர் வெப் ஆகிய இரு நிறுவனங்களும் இதை இலவசமாகத் தருகின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

கடையில் அடிக்கடி தலைகாட்டியது, 2003இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சாலிட்டி என்ற வைரஸ். இ.எக்ஸ்.இ. (நிரல்), எஸ்.சி.ஆர். (ஸ்கிரீன்சேவர்) வகைக் கோப்புகளே அதன் இலக்கு. கோப்பின் கடைசிப் பகுதியை நீட்டி அங்கே தன் உடலை ஒட்டிவைத்துவிட்டு, நிரல் தொடங்கும் இடத்தில் இருந்த சில கட்டளைகளை எடுத்துத் தன்னிடம் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்த இடத்தில் தன் கட்டளைகளை எழுதிவிடும். நீங்கள் நிரலைத் திறந்தால் முதலில் ஓடுவது வைரஸ். அது தன் வேலையை முடித்துக்கொண்டு பழைய கட்டளைகளைத் திருப்பி வைத்து வழிவிடுவதால், நிரலும் வழக்கம்போலத் திறக்கும். ஒவ்வொரு கோப்பிலும் வைரஸின் உடல் வேறுவேறு சாவியால் மறையாக்கப்பட்டிருப்பதால், ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது.

பென் டிரைவில் அது பரவும் விதம்தான் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடையோ மைன்ஸ்வீப்பர் விளையாட்டையோ ஒரு பிரதி எடுத்து, அதைத் தொற்றி, பொருளற்ற ஒரு பெயரில் பென் டிரைவில் வைத்து, பென் டிரைவைச் செருகியதும் அதைத் தானாகத் துவக்கும்படி ஒரு ஆட்டோரன் கோப்பையும் மறைத்து எழுதிவிடும். சந்தேகப்பட்டு அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரிவது, சதுரங்களுக்கடியில் கண்ணிவெடி ஒளித்த அதே பழைய விளையாட்டுதான்! 2011இல் மைக்ரோசாஃப்ட் தந்த மேம்படுத்தல், எக்ஸ்பியிலும் பென் டிரைவ் ஆட்டோரனை நிறுத்திய பின்பு இந்த வழி ஓரளவு அடைபட்டது. மேம்படுத்தாத கணினிகளில் அடைபடவில்லை.

விண்டோஸுக்குள் இருந்தபடியே இதை நீக்க முயல்வது வீண் வேலை. சாலிட்டி முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துகிறது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரையும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் முடக்குகிறது. அவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸைத் துவக்கும் சேஃப் மோடுக்குத் தேவையான ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளை அழித்துவிடுவதால், சேஃப் மோடுக்குப் போனால் நீலத் திரைதான் வரும். ஒரு கோப்பைச் சுத்தம் செய்து அடுத்ததற்குப் போவதற்குள், நினைவகத்தில் உயிரோடிருக்கும் வைரஸ் முந்தையதை மறுபடி தொற்றியிருக்கும். சாலிட்டிக்கென்றே கேஸ்பர்ஸ்கை வெளியிட்ட சாலிட்டிகில்லர் நினைவகத்தில் இருப்பதையும் கவனித்துக்கொள்ளும் என்றாலும், விண்டோஸே ஓடாத நிலையில் சோதிப்பதற்கு அது ஈடாகாது என்பதே என் கணிப்பு.

மீட்பு பென் டிரைவைத் தொற்றில்லாத வேறொரு கணினியில் தயாரிக்க வேண்டும். தொற்றிய கணினியின் நெட்வொர்க் கேபிளை முதலில் கழற்றிவிட வேண்டும். சாலிட்டி பகிரப்பட்ட ஃபோல்டர்கள் வழியாகவும் பக்கத்துக் கணினிக்குத் தாவும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள கணினி என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுப்பது நல்லது. இல்லையேல், விண்டோஸை முழுதாக நிறுத்தாமல் பாதி உறக்கத்தில் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக வன்தட்டை லினக்ஸ் எழுத முடியாத நிலையில் திறக்கக்கூடும், வைரஸ் கண்ணில் படும், கைக்குச் சிக்காது. சோதனையை சி டிரைவோடு நிறுத்தக் கூடாது. இன்ஸ்டாலர்களைக் குவித்து வைத்திருக்கும் டி டிரைவ்தான் உண்மையில் வைரஸின் களஞ்சியம். அழிப்பதைத் தேர்ந்தெடுக்காமல், குணப்படுத்துவதையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கணினியில் முழுச் சோதனைக்கு ஒரு இரவு போய்விடும் என்பது இவ்வகைக் கருவிகளின் பெரிய குறை, யூ.எஸ்.பி.யிலிருந்து துவங்கத் தெரியாத பழைய மதர்போர்டுகளுக்கு இதையே சிடியில் எழுதி வைத்துக்கொள்ள நேர்கிறது.

குணமானது என்று கருவி சொன்னாலும், அந்தக் கோப்பு பழைய கோப்பேதான் என்று கொள்ளக் கூடாது. பத்திரப்படுத்தப்பட்ட கட்டளைகளைத் தேடியெடுத்து உரிய இடத்தில் வைத்து, ஒட்டுண்ணியை வெட்டியெறிவதே இங்கு சிகிச்சை. வெட்டிய இடம் சில பைட்டுகள் முன்பின் ஆகலாம். அச்சு மென்பொருள் ஒவ்வொரு முறையும் நல்லபடியாகவே பிழைத்துக்கொண்டது. ஆனால் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் இன்ஸ்டாலர்கள், கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டன. 2006 முதல் பரவிய விருட் என்ற வைரஸ் இன்னும் மோசம்: பிழையோடு எழுதப்பட்ட அது ஒரே கோப்பைப் பலமுறை தொற்றி, குணப்படுத்தவே முடியாதபடி கெடுத்துவிடும். எச்.டி.எம்.எல். கோப்புகளிலும் அது தன் வரியை நுழைப்பதால், இணையப் பக்கங்களைக்கூட நம்பி பேக்கப் எடுக்க முடியாது. விருட் என்று திரையில் தெரிந்தால் நான் சிகிச்சைக்கு நேரம் செலவிடுவதில்லை. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்கிறேன்.

சோதனை முடிந்த பிறகு விண்டோஸில் செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது. முடக்கப்பட்ட டாஸ்க் மேனேஜரைத் திறந்துவிடுவதும், அதே பதிப்பு விண்டோஸ் உள்ள நல்ல கணினியிலிருந்து சேஃப் மோடுக்கான ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் மீட்புக் கருவி எனக்குச் செய்து தராதவை. பழைய இன்ஸ்டாலர்களை நான் இப்போது சேர்த்து வைப்பதில்லை. புதிதாக இறக்கியதைக்கூட, புராப்பர்ட்டீஸில், வெளியிட்டவர் யார் என்பதையும் கோப்பு மாறவில்லை என்பதையும் உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் செல்லும் என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டே திறக்கிறேன். கையொப்பமிட்ட கோப்பில் வைரஸ் தன் கட்டளைகளை எழுதினால் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும்.