லேசரா, சாதாவா? கண்புரை ஆபரேஷனில் எதற்குக் காசு கொடுக்கிறோம்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று தெரிந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "லேசர்ல பண்றீங்களா, சாதாவா?" சாதா என்னும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பெற்ற தாய்க்குப் போய் சாதாவா என்கிற மாதிரி.

முதலில் அந்த லேசரைப் பார்த்துவிடலாம். ஊரில் லேசர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஃபேகோ. அதில் லேசரே கிடையாது. மீயொலியில் அதிரும் ஒரு நுண்ணிய முனை புரையை உடைத்துக் கூழாக்கி உறிஞ்சிவிடும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் செய்து காட்டிய முறை இது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் மீயொலிக் கருவியிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது. விழியில் போடும் துளை 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதன் வழியே சுருட்டிய லென்ஸ் உள்ளே போய் விரிந்துகொள்ளும். நிஜமாகவே லேசர் சேர்த்துச் செய்வதும் உண்டு. அதற்குக் கட்டணம் இன்னும் ஏறும். புரையை உறிஞ்சி எடுக்க அங்கேயும் ஃபேகோ முனைதான் வர வேண்டும்.

சாதா என்று நாம் இளப்பமாகச் சொல்வதை டாக்டர்கள் எஸ்ஐசிஎஸ் என்கிறார்கள். வெள்ளை விழியில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலத்தில் சாய்வாக ஒரு சுரங்கம் வெட்டி, புரையை முழுசாகக் கையாலேயே வெளியே எடுக்கும் முறை. சுரங்கம் சாய்வாக இருப்பதால் கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் வேண்டாம். தாத்தா காலத்தில் தையல் போட்டுப் பல நாள் படுக்க வைத்த ஆபரேஷன் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, பார்வை எதில் நன்றாக வருகிறது? நேபாளத்தில் 108 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃபேகோவும் மறு பாதிக்கு எஸ்ஐசிஎஸ்ஸும் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுச் சோதித்தபோது, இரு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. எஸ்ஐசிஎஸ்ஸுக்கு நேரமும் செலவும் குறைவு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இலவசமாகவும் குறைந்த செலவிலும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்ததும் இந்தச் சாதாதான்.

அதற்காக இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஃபேகோவில் துளை சின்னது என்பதால் கண் சீக்கிரம் தெளியும், சிவப்பு குறைவு, வெட்டினால் கருவிழியின் வளைவு சீர் கெட்டு வரும் சிலிண்டர் பவரும் குறைவு. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு, புரையும் இன்னும் மெத்தென்று இருந்தால், நான் ஃபேகோவைத்தான் சொல்வேன். ஆனால் முற்றிப் பழுப்பேறிக் கல்லாகிவிட்ட புரையை உடைக்க மீயொலி சக்தி கூடுதலாகத் தேவை. அந்தச் சூடும் அதிர்வும் கருவிழியின் உள்பக்கச் செல்களைப் பாதிக்கும், அவை திரும்ப வளராதவை. அங்கே முழுசாக எடுப்பதே பல டாக்டர்களின் தேர்வு. அம்மாவுக்கு டாக்டர் சொன்னதும் அதுதான். "முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நாங்கள் மூன்று வருடம் தள்ளிப்போட்டதன் பலன். அந்தப் பேச்சு பழைய ஆபரேஷன் காலத்தோடு போயிருக்க வேண்டியது.

காசு உண்மையில் எகிறுவது லென்ஸில். 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் சகித்துக்கொண்டதைப் பார்த்து வந்த துணிச்சல். லென்ஸ் வைக்காத காலத்தில் புரை எடுத்தவர்களுக்கு சோடாப்புட்டிக் கண்ணாடிதான் கதி. இப்போது ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்தால் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸில் படிக்கவும் கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படாது. அதற்கு ஈடாக இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையலாம். இரவில் வண்டி ஓட்டுகிறவர் நன்றாக யோசிக்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருப்பவருக்கு அந்த லென்ஸ் வீண் செலவு. சிலிண்டர் பவர் அதிகம் என்றால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்குக் கொடுக்கும் காசு தகும்.

சொட்டு மருந்திலேயே புரையைக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு மருந்து இல்லை.

புரை என்றால் வலி இருக்காது. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும், கண்ணாடி பவர் அடிக்கடி மாறும். சிலருக்கு வெள்ளெழுத்து திடீரென்று விட்டுப்போய்ப் பேப்பர் படிக்க வரும். சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் புரையின் வேலைதான். கண் சிவந்து, வலித்து, வாந்தியோடு பார்வை மங்கினால் கதை வேறு. அன்றைக்கே ஓட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடி, பார்வை குறைந்தாலும் அப்படித்தான். மாதங்கள் கழித்து மெல்ல மங்கினால் லென்ஸின் பின்னுள்ள உறை மங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்வது சில நிமிட வேலை, அது முழுக்க லேசர்.

அம்மாவுக்குச் சாதாதான் ஆனது, ஒற்றைக் குவிய லென்ஸ். இடது கண்ணுக்கு இன்னும் தேதி வாங்கவில்லை. அப்பாவின் வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறாள். ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் பழுப்பு. "இத்தனை நாளா இதையா வெளுத்ததுன்னு நெனச்சேன்" என்கிறாள்.