எண்ணெய் என்ற சொல் உடையாமல் அச்சாகி வந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பழைய பெயரில் கிரே தெரு என்று நாம் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுஃப் டாடூ தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் இந்த அச்சகத்தில், வரும் உள்ளாட்சித் தேர்தலுக்காகத் துண்டறிக்கை அடித்தோம். எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்பவர், நம் கடற்கரைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறு தோண்டுவதை வெளிப்படையாக எதிர்ப்பவர். அந்த ஒரு காரணத்துக்காகவே வேட்புமனுவுக்கு வேண்டிய 50 வாக்காளர் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்றாக இருந்தது. ஆங்கிலத்துக்கும் சூலு மொழிக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். தமிழில் எழுதி, மெய்ப்புப் பார்த்து, கட்டுகளைக் கையில் வாங்கி வருவது, கோயில் தமிழ் வகுப்பில் சனிக்கிழமைதோறும் அரிச்சுவடி நடத்தும் என் பங்குக்கு வந்தது.

தமிழ்த் துண்டறிக்கை தேவைதானா, நம்மவர்களில் எத்தனை பேர் இன்று தமிழ் படிக்கிறார்கள் என்று வேட்பாளரே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நான் அவருக்கு, எங்களுக்குத் தெற்கே உள்ள வைல்ட் கோஸ்ட் கடற்கரையைப் பற்றிய வழக்கை நினைவூட்டினேன். ஷெல் எண்ணெய் நிறுவனம் 2021ஆம் ஆண்டின் இறுதியில், கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால், சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் நில அதிர்வு ஆய்வு நடத்த வந்தது. சில விநாடிகளுக்கு ஒருமுறை காற்றுத் துப்பாக்கியால் கடலுக்குள் வெடியோசை எழுப்பி, அடித்தரையின் கீழே எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அது. மக்காண்டா உயர் நீதிமன்றம் 2021 டிசம்பர் 28 அன்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022 செப்டம்பர் 1 அன்று, 2014இல் வழங்கப்பட்டிருந்த ஆய்வு உரிமையையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் என் மனத்தில் தங்கியது மீனோ திமிங்கிலமோ அல்ல, மொழி. கலந்தாலோசனை அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஆப்பிரிகான்ஸிலும் நாளிதழ்களில் வந்திருக்கிறது. அந்தக் கரையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் பேசுவதோ கோசாவும் ம்போண்டோவும். ஊர்த் தலைவர்களோடு பேசியதை ஊரோடு பேசியதாகக் கணக்குக் காட்டியதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் அந்த முடிவை உறுதி செய்தாலும், உரிமையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தின்போது குறைகளைச் சரிசெய்துகொள்ள வழி விட்டிருக்கிறது. ஆக, விஷயம் முடிந்துவிடவில்லை. மக்களுக்குப் புரியாத மொழியில் அறிவிப்புக் கொடுத்தவர்களை எதிர்ப்பவர், தன் வார்டில் இருக்கும் நூறு கிழவிகளுக்கு அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு தாள் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். ஐந்நூறு பிரதிக்குச் சம்மதித்தார்.

இனி அச்சகத்துக்கு வருகிறேன். மூன்று கடைகளில் விலை கேட்டதில் இங்கேதான் குறைவு. அதைவிட, தமிழ் என்றதும் முகம் சுளிக்காத ஒரே கடையும் இதுதான். கல்லாவில் இருந்த இளைஞர் நம் பிள்ளை. "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வேலையை வாங்கிக்கொள்ளும் கடைகளில் அலைந்து பழகிய எனக்கு அந்த ஒரு வாக்கியமே பாதி நிம்மதியைத் தந்தது.

மீதிப் பாதி முதல் மெய்ப்பில் போய்விட்டது. "எண்ணெய்" என்ற சொல்லில், இரண்டாவது ணகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதைத் தாண்டிப் போய் யகரத்துக்கு முன்னால் நின்றது. "தோண்டாதே" என்பதில் கொம்பும் காலும் தகரத்தை விட்டு விலகி, தங்களுக்கு நடுவே புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தை வைத்துக்கொண்டிருந்தன. நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்த வரிகளை அவர்கள் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இந்திய மொழி எழுத்துகளைக் கோத்துக் காட்டும் அமைப்பு அதில் முடுக்கப்பட்டிருக்கவில்லை. தமிழ் படிக்காத கண்ணுக்கு அந்தப் பக்கம் அழகாகவே இருந்திருக்கும் என்பதுதான் ஆபத்து. அந்த இளைஞர் வாதாடவில்லை. என்னை நாற்காலி போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அமைப்பை மாற்றி, சொல் சொல்லாக என்னிடம் காட்டி, பிறகு எழுத்துகளை எல்லாம் வெறும் கோட்டு வடிவங்களாக (அவுட்லைன்) மாற்றிப் பி.டி.எஃப். கோப்பாகப் பூட்டினார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. தமிழில் அச்சிட எந்தக் கடைக்குப் போனாலும், கோப்பை இப்படி வடிவங்களாக மாற்றிக் கொண்டுபோங்கள்.

குறை என்று சொல்ல வேண்டியது அடுத்து வந்தது. வெள்ளிக்கிழமை கட்டுகளைப் பிரித்தபோது தமிழ்ப் பிரதிகளின் அடிவரி வெட்டு இயந்திரத்தில் பாதி போயிருந்தது. தேர்தல் தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெட்டுப்பட்டது துல்லியமாக அந்த வரிதான். ஆங்கிலத் தாளைவிடத் தமிழ்த் தாளில் வரிகள் நீளும், ஒரு வரி கூடும் என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. ஓரத்தில் இடம் விட்டிருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. ஐந்நூறையும் தங்கள் செலவில் மறுபடி அடித்துத் தந்தார்கள் என்றாலும் திங்கள்கிழமைதான் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே, ஆங்கிலத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். "தமிழில் இல்லையா?" என்று கேட்ட நாலைந்து பேருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தாளின் தரம் நன்றாக இருக்கிறது. வழவழப்பு வேண்டாம் என்று சொல்லி வாங்கிய சாதாரணத் தாள்; நீல மை கையில் ஒட்டவில்லை, பின்பக்கம் ஊறவும் இல்லை. மேல்பாதியில் கரைவலை இழுக்கும் ஒரு பழைய காட்சியைக் கோட்டோவியமாகப் போட்டோம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் வளைகுடாவில் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். ஜூன், ஜூலையில் வைல்ட் கோஸ்ட் வழியாகத்தான் சாளை மீன் கூட்டம் இன்றும் நம் கரைக்கு வருகிறது. மெல்லிய வலைக்கண்கள் அச்சில் அப்பிப்போகும் என்று பயந்தேன். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக விழுந்திருக்கிறது.

வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "கிணறு தோண்டுவதை நிறுத்துவேன்" என்று முதலில் இருந்ததை நான்தான் அடித்தேன். கடலில் எண்ணெய் தேட உரிமை கொடுப்பது மத்திய அமைச்சகம். வார்டு கவுன்சிலரால் அதை நிறுத்த முடியாது. ஆட்சேபம் எழுதலாம், மாநகராட்சியையும் எழுதச் சொல்லி நெருக்கலாம், கூட்டம் கூட்டி மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கலாம். அவ்வளவைத்தான் அச்சிட்டோம். 2020 டிசம்பரில் தெற்கு டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து, பக்கத்துக் குடியிருப்பு வரை தீ வந்ததைப் பார்த்தவர்களிடம் பெரிதுபடுத்திச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழித்த ஒன்று அந்த வெட்டுக்காக. விளக்குக் கம்பத்தில் கட்டும் தட்டிகளையும் இங்கேயே கொடுத்திருக்கிறோம். பிளாஸ்டிக் அட்டை மலிவு, மழைக்கும் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். கடலைக் காக்க நிற்பவரின் முகத்தைப் பிளாஸ்டிக்கில் தொங்கவிட முடியாது என்று காகித அட்டையும் சணல் கயிறும் கேட்டிருக்கிறேன். இந்த முறை அடிவரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விடச் சொல்லி, மெய்ப்பின் ஓரத்தில் பேனாவால் கோடும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.