வெளியே போகச் சொல்வதா, வகுப்பு முடிந்ததும் வரச் சொல்வதா?

வகுப்பில் ஒரு மாணவர் தொந்தரவு செய்தால் நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் "வெளியே போ". அடுத்து ஐடி கார்டு பறிமுதல், அபாலஜி லெட்டர், "அப்பாவைக் கூட்டிட்டு வா", கடைசியாக "இன்டர்னல்ல பார்த்துக்கறேன்". இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று இருக்கிறது. அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தனியாக நிற்கும் ஆசிரியருக்கு எது உதவும் என்பதுதான் என் கவலை.

வெளியே அனுப்புவதில் ஒரு வசதி உண்டு. பத்து விநாடியில் முடிந்துவிடும், மற்றவர்களும் உடனே அடங்கிவிடுவார்கள். ஆனால் கேன்டீனுக்குப் போக நினைத்திருந்த பையனுக்கு அது தண்டனையே இல்லை, அனுமதி. படிக்க வந்த பையனுக்கோ நண்பர்கள் முன்னால் நேர்ந்த அவமானம். அதன்பிறகு அந்த பெஞ்ச் முழுக்க ஆசிரியருக்கு எதிராகத் திரும்பிவிடும். வருகைப் பதிவுச் சிக்கல் வேறு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். அதற்குக் கீழே 65 வரை இருப்பவர்களும் மருத்துவம் போன்ற தக்க காரணம் காட்டினால்தான் தேர்வு எழுதலாம். வந்த மாணவருக்கு ஆப்சென்ட் போடுவது, நம் ஒரு நிமிடக் கோபத்தை அவருடைய செமஸ்டரோடு முடிச்சுப் போடுவதாகும். அதுவும் வராதவரை வரவில்லை என்று பதியத்தானே அந்தப் பதிவேடு?

மாற்று வழி மெதுவானது. பாடத்தை நிறுத்தாமல் அந்த பெஞ்ச் பக்கம் போய் நிற்பது. அப்படியும் பேச்சு அடங்கவில்லை என்றால், "தம்பி, கிளாஸ் முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க" என்ற ஒரே வாக்கியம். அப்புறம் தனியாகப் பேசும்போது குற்றச்சாட்டில் தொடங்காமல், "ஒரு வாரமா இப்படியே இருக்கீங்களே, என்ன விஷயம்?" என்று கேட்பது. ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பியவர் இருப்பார். ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவர் இருப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமானவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். பாடம் புரியாமல் போகிற இடத்தில்தான் கடைசி பெஞ்சில் பேச்சு ஆரம்பிக்கிறது. அங்கே தேவை தண்டனை அல்ல, அதே பாடத்தைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்குவது.

இந்த வழிக்கும் குறை உண்டு. மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்பார். மதிய ஷிப்ட் முடிந்தால் பஸ் போய்விடும். மணிக் கணக்குச் சம்பளத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு ஓடும் கெஸ்ட் லெக்சரரிடம் "தனியாக உட்கார்ந்து பேசுங்கள்" என்று சொல்வது எளிது, அவர் செய்வது கடினம். ஆனாலும் என் தேர்வு இதுதான். பாடத்தை நடத்தவே முடியாத நிலை வந்தால் மட்டும் வெளியே அனுப்பலாம். அதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு, வருகையை வெட்டாமல், அன்றே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்ற கட்டாயத்தோடு.

இன்டர்னல் மார்க் மிரட்டலைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 பாடத்தில் அவருக்கு என்ன தெரியும் என்பதற்கான மதிப்பெண். நடத்தைக்காக அதில் கை வைப்பது தவறு, அவ்வளவுதான்.

பெற்றோரை அழைப்பதா, மாணவருக்கு வழிகாட்டக் கல்லூரி ஒதுக்கும் ஆசிரியரான மென்டர் மூலம் போவதா? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, துறைத் தலைவர் முன்னால் கைகட்டி நிற்பார். அந்தக் காட்சி பிள்ளையைத் திருத்துவதைவிட, கல்லூரியின் மேல் ஒரு வெறுப்பைத்தான் வளர்க்கும். மாணவியாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. "போதும் படிச்சது" என்று சொல்லக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன, அங்கே நம் ஒரு போன் அவர் படிப்பையே நிறுத்திவிடலாம். மென்டர் முறை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் ஆய்வுக்குப் படிவம் நிரப்பும் வேலையாகப் பல இடங்களில் சுருங்கியிருக்கிறது. ஆனால் உண்மையாக நடக்கும் இடத்தில், பாடம் எடுக்காத இன்னொரு ஆசிரியரிடம் மாணவர் மனம்விட்டுப் பேசுகிறார். உடல்நலம், போதைப் பழக்கம், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சம்பவம் நடந்தபின் என்ன செய்கிறோம் என்பதைவிட, நடக்கும் முன் என்ன செய்தோம் என்பதற்குப் பலன் அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒரு மாணவரைக் கண்டித்தபோது, எதுவும் செய்யாத மற்றவர்களும் விறைத்துப்போய் அமைதியானதைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வை 1970இல் வெளியிட்டார். பள்ளி வகுப்புகளைப் படம்பிடித்துப் பார்த்ததில், ஒழுங்கான வகுப்புக்கும் ஒழுங்கற்ற வகுப்புக்கும் கண்டிக்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. சலசலப்பை ஆரம்பத்திலேயே கவனிப்பதிலும், பாடம் தொய்வில்லாமல் ஓடுவதிலும்தான் வித்தியாசம் இருந்தது.

விதிகளை ஆசிரியரே அறிவிப்பதா, மாணவர்களோடு சேர்ந்து வகுப்பதா என்ற கேள்விக்கும் இங்கே இடம் உண்டு. நான் இரண்டையும் கலப்பேன். யாரையும் கேலி செய்யக் கூடாது என்பது போன்ற இரண்டு மூன்று ஆசிரியருடையவை, பேச்சுக்கு இடமில்லை. தாமதமாக வந்தால் எப்படி உள்ளே வருவது, செல்போனை எப்போது எடுக்கலாம் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே அவர்களைச் சொல்லவைத்து எழுதிப் போடலாம். போன்களை வாங்கிப் பெட்டியில் வைப்பது ஆய்வகத்துக்குச் சரி. அறுபது பேர் வகுப்பில் வாங்கிக் கொடுக்கவே பாதி நேரம் போய்விடும், ஒன்று காணாமல் போனால் பொறுப்பும் ஆசிரியர் தலையில்.

இவ்வளவு மென்மையும் ஒரு எல்லை வரைதான். மாணவியைப் பற்றிய ஆபாசப் பேச்சு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, ராகிங் ஆகிய மூன்றிலும் "தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடித்துக்கொள்வது" பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பாலியல் தொல்லைக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிகளின்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். வகுப்பில் கேட்ட வார்த்தையை அப்படியே, தேதி, நேரம், அருகில் இருந்தவர்கள் யார் என்பதோடு அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட மாணவியிடம் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படிப் புகார் எழுதுவது என்று சொல்லுங்கள். அவர் கேட்டால் கூடவே போங்கள். "பையன் எதிர்காலம் போயிடும், விட்டுடும்மா" என்று அவரிடம் யாரையும் பேச விடாதீர்கள்.