லொக்ஸ்டாட்டோடு ஒரு மாரிகாலம்

லொக்ஸ்டாட் என்பது கேர்னலுக்குள் உள்ள பூட்டுகள் எத்தனை தரம் எடுபட்டன, எவ்வளவு நேரம் காக்க வைத்தன என்று கணக்கெடுக்கும் கருவி. காசு கொடுத்து வாங்கிய சாமான் இல்லை இது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலோடு 2.6.23 பதிப்பிலிருந்து, அதாவது 2007 முதல், சும்மா வருகிறது. சும்மா வருவதாலோ என்னவோ யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் போன மாரிவரைக்கும் பார்க்கவில்லை.

பரந்தனில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அளவீட்டு அட்டை ஒன்றுக்கு டிரைவர், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருள், எழுதுவது வேலை. சோதித்துப் பார்க்க வவுனியாவில் வாங்கிய பழைய நாலு கோர் மெஷின் ஒன்று. டிரைவரில் ஒரேயொரு ஸ்பின்லொக்தான் வைத்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தரவில் கைவைக்க விடும் பூட்டு அது, மற்றவர் சுற்றிச் சுற்றிக் காத்திருப்பார். வருகிற தரவின் வரிசை, எத்தனை வந்தது என்ற கணக்குகள், அமைப்பு அட்டவணை எல்லாவற்றுக்கும் அதே பூட்டு, அதே திறப்பு. பயத்தில் எழுதிய கோட். பிழையில்லாமல் ஓடியது, ஆனால் அட்டையின் வேகத்தைக் கூட்டினால் இடையிடையே தரவு தவறியது.

முதலில், லினக்ஸில் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியின் பூட்டுக் கட்டளையைத்தான் ஓட்டினேன். 5.19க்குப் பிறகு வந்த கேர்னல்களில் அதற்கு விசேஷமாக எதுவும் கட்டத் தேவையில்லை. பூட்டுக்காக யாருமே பெரிதாகக் காத்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டது. காத்திருப்பு இல்லையென்றால் பூட்டில் குற்றமில்லை என்று நம்பி இரண்டு நாள் வேறு இடமெல்லாம் தோண்டினேன்.

அப்புறம்தான் லொக்ஸ்டாட். இதற்கு கேர்னலை மூலக் கோட்டிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். பழைய மெஷினில் ஓர் இரவு போனது, நடுவில் கரண்டும் போனது. கட்டி முடித்து, இயக்கி, புரொக் கோப்பகத்தில் உள்ள கோப்பைத் திறந்தால் திரைக்குள் அடங்காத அகலத்தில் எண்கள். போதாததற்கு, பட்டியலை மோதல் எண்ணிக்கைப்படி, அதாவது ஒருவர் வைத்திருக்கும் பூட்டை இன்னொருவர் கேட்ட தடவைகளின்படி, அடுக்கித் தருகிறது. மோதல் குறைந்த என் பூட்டு எங்கோ அடியில் கிடந்தது. பெயர் போட்டுத் தேடித்தான் எடுத்தேன்.

அந்த நிரையில் 'அக்-பவுன்சஸ்' என்றொரு நிரல் இருக்கிறது, பூட்டு எத்தனை தரம் கோர் மாறி எடுபட்டது என்று சொல்வது. மோதல் பக்கத்தில் சொற்ப எண், இங்கே பூட்டை எடுத்த எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமமான எண். தரவு வந்துவிட்டது என்று அட்டை கொடுக்கும் இன்டரப்ட் ஒரு கோரில், வாசிக்கும் புரோகிராம் இன்னொரு கோரில். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அந்தப் பூட்டு இருக்கும் 64 பைட் கேஷ் வரி, அதாவது கோரின் வேக நினைவகத்தில் ஒரு துண்டு, ஒரு கோரிலிருந்து மற்றதற்கு ஓடுகிறது. யாரும் யாரையும் மறிக்கவில்லை, ஆனாலும் நேரம் போகிறது. ஏ9 வீதியில் வெறும் சாமத்தில் போனாலும் முறிகண்டியில் பஸ் நிற்குமே, அப்படி. முறிகண்டியில் நின்றால் பிள்ளையாரைக் கும்பிடலாம், கச்சானும் வாங்கலாம். என் டிரைவர் நின்றதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு திருத்தம் கஷ்டமில்லை. கணக்குகளை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வைத்து, கேட்கும்போது மட்டும் கூட்டிச் சொல்ல விட்டேன். தரவு வரிசைக்கு, முதலில் வந்ததை முதலில் தரும் கேர்னலின் கே-ஃபைஃபோ. எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர் என்றால் அதற்குப் பூட்டே வேண்டாம். என் சாதனத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம், ஆகவே பொருந்தியது. அமைப்பு அட்டவணை எப்போதாவதுதான் மாறும், அதற்கு ஆர்.சி.யு. (வாசி, பிரதி எடு, மாற்று) என்ற முறை. 2002இலிருந்து கேர்னலில் இருக்கும் சாமான்தான். வாசிப்பவர் பூட்டில்லாமல் வாசிப்பார். மாற்றுபவர் புதுப் பிரதி எழுதி, அட்டவணை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை அதன் பக்கம் திருப்பிவிடுவார். பழைய பிரதியை உடனே அழிக்கக்கூடாது, வாசித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். நான் பொறுக்காமல் அழித்து மெஷினை இரண்டு தரம் விழுத்தினேன். அந்தப் பிழைக்கு லொக்ஸ்டாட் பொறுப்பில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதை இயக்கினால் பூட்டுகள் எடுக்கும் ஒழுங்கைச் சரிபார்க்கும் லொக்டெப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு பூட்டலும் கனத்துவிடும். ஆகவே அது காட்டும் மைக்ரோ செக்கன்களை அப்படியே நம்பாதீர்கள், முன்னையும் பின்னையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாவனையில் இருக்கும் மெஷினுக்கு இந்தக் கேர்னலைப் போடவே வேண்டாம். ஒரு பூட்டுக்கு மோதிய இடங்கள் நாலு வரைதான் காட்டும், எனக்கு அது காணும். அக்-பவுன்சஸ்படி அடுக்க ஒரு வசதி தந்திருக்கலாம். நான் ஒற்றை வரிக் கட்டளை எழுதிச் சமாளித்தேன்.

யார் பாவிக்கலாம்? காத்திருப்பு எங்கே என்று மட்டும் தெரிய வேண்டியவருக்குப் பெர்ஃப் போதும். காத்திருப்பே இல்லை என்று பெர்ஃப் சொல்லியும் டிரைவர் இழுபடுகிறதென்றால் ஓர் இரவைக் கொடுத்து இதைக் கட்டுங்கள்.

என் பட்டியலில் இப்போது ஒரே பூட்டு மிச்சம், அமைப்பை மாற்றுபவருக்கானது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் எடுபடும். அதை எடுத்துவிடலாமே என்று கூட வேலை செய்பவர் கேட்டார். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.