குஞ்சுக்கும் கோழிக்கும் ஒரே தீவனம்: எங்கள் தோட்டத்தில் நிலைத்துவிட்ட ஏற்பாடு

எங்கள் தோட்டத்தில் கோழிகள் வயதுவாரியாகப் பிரிந்து நிற்பதே இல்லை. நத்தம் பக்கம், மாந்தோப்புக்குள் திரியும் சிறுவிடை நாட்டுக்கோழிக் கூட்டம். ஒன்று அடையில் கிடக்கும், ஒன்று புதுக்குஞ்சுகளோடு மேயும், போன அடையில் பொரித்தவை காக்கா அளவுக்கு வளர்ந்து நிற்கும். நடுவில் சேவல்கள், கூடவே சில வான்கோழிகள். தீவனக் கடையில் "குஞ்சுக்கா, முட்டைக்கோழிக்கா?" என்று கேட்பார்கள். ரெண்டுக்கும்தான் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சில வருடங்களாக மாற்றாமல் ஓட்டிவரும் முறை இதுதான்: எல்லாவற்றுக்கும் பொதுவாக குரோயர் என்னும் வளர்பருவத் தீவனம், முட்டைக்கோழிகளுக்குத் தனிச்சட்டியில் கிளிஞ்சல், சின்னக் குஞ்சுகளுக்கு மட்டும் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடைக்கு அடியில் ஸ்டார்ட்டர் என்னும் குஞ்சுத் தீவனம். லேயர் என்னும் முட்டைக்கோழித் தீவனம் வாங்குவதில்லை. விலை குறைவு, முட்டையும் கெட்டி ஓட்டோடு வரும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சுவதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வாரக்கணக்கில் அதே தீவனம் என்றால் அது தாங்காது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா எல்லாவற்றுக்கும் லேயரையே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுணங்கிச் செத்தன. கழிச்சலும் இல்லை, சளியும் இல்லை. கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளைப் படலம். தண்ணீர் குறைந்தாலும் இப்படி ஆகும், ஆனால் முதலில் தீவனத்தை மாற்றுங்கள் என்றார். லேயர் தட்டை உயரமாகக் கட்டித் தொங்கவிட்டால் குஞ்சுக்கு எட்டாது என்று சிலர் சொல்வார்கள். தட்டு எட்டாதுதான். கோழி அலகால் தள்ளித் தள்ளிக் கீழே கொட்டுவதைப் பொறுக்கித் தின்ன அடியில் முதலில் நிற்பது யார்?

மாறாக, பெரிய கோழி குரோயர் தின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. கால்சியம் மட்டும்தான் குறையும். கடை முட்டை ஒன்றின் ஓட்டிலேயே சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாட்டு முட்டை சின்னது, கொஞ்சம் குறையும். அந்தப் பாக்கியை கிளிஞ்சல் அடைத்துவிடுகிறது. கடையில் ஷெல் கிரிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பொடியாக வாங்காதீர்கள், உடைத்த சில்லாக வாங்குங்கள். இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு உருவாவது ராத்திரியில் என்பதால், முட்டையிடும் கோழிகள் கூடு அடையும் முன்னால் சாயங்காலம்தான் சட்டியைத் தேடி வருகின்றன. சேவல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குஞ்சு வந்தால் ஒரு சில்லைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். தீவனத்தில் கலந்துவிட்டால்தான் அதற்கு வேறு வழியிருக்காது.

இனி பஞ்சாரம். பொரித்த புதிதில் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்தே மூடிவைக்கிறேன். உள்ளே போடுவது ஸ்டார்ட்டர், புரதம் 20 சதவீதத்துக்கு மேல். தாயும் அதையே தின்னும். குஞ்சு வைத்திருக்கும் கோழி முட்டையிடாது, அதனால் அதற்கும் அப்போது கால்சியம் அவசரமில்லை. தாய் வெளியே கூட்டிப்போகத் தொடங்கியதும் அதே பஞ்சாரத்தை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுவேன். அடியில் குஞ்சு நுழையும், கோழி நுழையாது. முதல் சில நாள் தாய் பதறும். மூங்கில் இடுக்கில் கழுத்தை விட்டுத் தட்டை இழுக்கப் பார்க்கும். தட்டு நட்டநடுவில் இருந்தால் எட்டாது. சேவல்தான் வம்பு. மேலே ஏறி ஒரு உதை விட்டால் பஞ்சாரம் கவிழ்ந்துவிடும், அதனால் உச்சியில் ஒரு கல் கட்டாயம். குஞ்சு வளர வளர செங்கல்லையும் உயர்த்த வேண்டும். ஒன்றரை மாதம் ஆனதும் அதுகளுக்கும் பொதுத் தட்டுதான்.

கரையானும் இந்தப் பஞ்சாரத்துக்குள்தான். பழைய பானையில் வைக்கோல், கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது நிறைய ஏறியிருக்கும். வெளியே கொட்டினால் பெரிய கோழிகள் ஒரு நிமிடம்கூட விடாது. மழைக்காலத்தில் அவ்வளவாகக் கிடைக்காது. அந்த மாதங்களில் கடலைப் பிண்ணாக்கையும் நிறுத்திவிடுகிறேன்; ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு முதலில் குஞ்சைத்தான் அடிக்கும்.

ஸ்டார்ட்டர் வாங்கும்போது பையின் லேபிளைப் படிப்பது முக்கியம். பிராய்லர் ஸ்டார்ட்டர் பலவற்றில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மருந்து கலந்திருக்கும். சாலினோமைசின் என்று போட்டிருந்தால் வான்கோழி இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கோழிக்கு ஒத்துக்கொள்ளும் அளவே வான்கோழிக்கு விஷம், கால் துவண்டு விழுந்துவிடும். முட்டை சாப்பிடுகிற வீட்டிலும் பெரிய கோழிகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குகிறேன், விலை கொஞ்சம் கூடத்தான். ரத்தக்கழிச்சலுக்கு நம்மால் ஆவது பஞ்சாரத்தை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, தரையைக் காய வைப்பது.

குறை என்றால் செலவு. முட்டையிடாத சேவலும் கம்பும் நொய்யும் போதாதென்று குரோயரைக் காலி செய்கிறது. காலையில் தானியத்தை விசிறிவிட்டு, வயிறு பாதி நிறைந்த பிறகு தட்டை வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். இன்னொரு தொந்தரவு, தாய் கொத்திப் பிரித்துவிட்ட இரண்டு மூன்று மாதக் குஞ்சுகள். பஞ்சாரத்துக்குள் நுழைய முடியாது, பொதுத் தட்டுப் பக்கம் போனால் கொத்து விழும். மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம், பெரிய கோழிகளின் கண்ணில் படாத இடத்தில் இரண்டாவது தட்டு வைத்த பிறகுதான் அதுகள் தேறின. ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக எத்தனை தட்டு வைத்தாலும் ஒரு முரட்டுப் பெட்டை எல்லாவற்றையும் காவல் காக்கும்.

முட்டைக்காகவே நூறு இருநூறு வளர்ப்பவர்களுக்கு இது கட்டாது. அவர்கள் தனிக்கொட்டகை போட்டு லேயரே கொடுக்கட்டும். பத்து இருபது கோழியை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறவர்கள், அடுத்த மூட்டை குரோயர் வாங்கும்போது இரண்டு கிலோ கிளிஞ்சலும் சேர்த்து வாங்கிப் பாருங்கள்.