மலை வீட்டுக்கு வெந்நீர்: கீசரா, ஹீட் பம்பா, சோலாரா, விறகா?

கோத்தகிரியில் குளியலறையைப் புதுப்பிக்க ஆரம்பித்தால் டைல்ஸ் பேச்சு அரை நாளில் முடிந்துவிடும். வெந்நீர் பேச்சுதான் மாதக்கணக்கில் ஓடும். கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் சார்?" என்று. அவர் கேட்க வேண்டியது வேறு: உங்கள் கூரையில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்கு மஞ்சு மூடுகிறது?

முதலில் கணக்கு. 15 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் வேண்டும். கீசரில் டேங்க் வழியாகப் போகும் சூட்டையும் சேர்த்தால் நாலு. இரண்டு மாத பில்லில் 240 யூனிட். அரசு தரும் இலவச யூனிட் அதிலேயே கரைந்துவிடும். மற்ற செலவும் சேர்ந்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். "நம்ம மலைக் கரண்ட் தண்ணீரில் எடுப்பதுதானே, அதில் என்ன புகை?" என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது போய்ச் சேர்வது பொதுக் கட்டமைப்பில். காலை ஆறு மணிக்கு நம் கீசர் இழுப்பதில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் தூத்துக்குடி நிலக்கரிக்கும் பங்கு இருக்கிறது.

ஹீட் பம்ப் பார்ப்பதற்கு ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி இருக்கும். காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அதனால் அதே 100 லிட்டருக்கு ஒன்றரை யூனிட் அளவில் முடித்துவிடும். குளிர் ஏற ஏற அதன் திறன் குறையும். ஊட்டிப் பனியில், காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும் அதன் சுருள் குழாயில் (காயில்) ஐஸே பிடிக்கும். இதற்கு வழி சுலபம். டைமர் வைத்து, காற்று கொஞ்சம் சூடாக இருக்கும் நடுப்பகலில் ஓட விடுங்கள். நல்ல டேங்க் என்றால் மறுநாள் காலை வரை சூடு நிற்கும். விலைதான் கீசரைப் போலப் பல மடங்கு. பழுதானால் மெக்கானிக் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ மலை ஏறி வர வேண்டும், அதுவும் அவருக்கு மனசு வந்தால்.

சோலாரில் இரண்டு வகை. ஊட்டி காந்தலில் இருக்கும் சித்தப்பா செம்புக்குழாய் பதித்த தட்டை வகையைப் போட்டார். முதல் ஜனவரியிலேயே ஒரு விடியலில் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேகமில்லாத இரவில் அந்தத் தட்டு தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே தண்ணீர் உறைந்து விரிய, குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. "பனி பள்ளத்துலதான்ணே படியும், உங்க வீடே பள்ளத்துல இருக்கு" என்றார் பிளம்பர். போடும்முன் யாரும் சொல்லவில்லை. வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை அந்தப் பனியைத் தாங்கும். ஆனால் குரங்கு ஏறிக் குதித்து ஒரு குழாய் உடைந்தால் டேங்கே காலி. இங்கே ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, சமவெளி மாதிரி உப்புப் படிவுத் தொல்லை இல்லை.

மழைக்கணக்கும் இடத்துக்கு இடம் வேறு. ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோலார் சுணங்கும். கோத்தகிரி, குன்னூரில் அக்டோபருக்குப் பிறகு. பனிக்காலப் பகலிலோ வெயில் சுள்ளென்று அடிக்கும், சோலாருக்கு அதுதான் நல்ல காலம். தகரக் கூரை வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 200 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ.

அப்புறம் விறகு பாய்லர். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வெள்ளைக்காரர் காலத்தில் வந்து சோலைக்காட்டையும் புல்வெளியையும் பிடித்துக்கொண்டவை. அவற்றை எரித்தால் நல்லதுதானே என்று தோன்றும். சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் குச்சி (செடியை வெட்டிவிடும்போது விழுவது) கிடைத்தால் சரி, எரியுங்கள். லாரியில் விறகு வாங்கி எரிப்பதும், புகையை நாள்தோறும் பாட்டி சுவாசிப்பதும் எந்தக் கணக்கிலும் பசுமை இல்லை.

எங்கள் வீடு கிழக்குச் சரிவில், கான்கிரீட் தளம். காலை வெயில் நேராக விழும், மூன்று மணிக்கு மேல் மஞ்சு. கண்ணாடிக் குழாய் சோலாரும், மழை நாளுக்கு மூன்று லிட்டர் குட்டி கீசரும் வைத்தோம். குன்னூரில் வடக்குப் பார்த்த சரிவில் இருக்கும் அத்தைக்கு ஹீட் பம்பைத்தான் சொன்னேன்.

ஒரு தப்பு செய்தோம். டேங்க் ஒரு மூலையில், குளியலறை மறு மூலையில். இடையில் 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய். அதற்குள் ராத்திரி ஆறிப்போய் நிற்கும் நாலு லிட்டர் பச்சைத்தண்ணீர் வெளியே வந்த பிறகுதான் வெந்நீர் எட்டிப்பார்க்கும். குழாய்க்குக் கறுப்பு நுரை உறை சுற்றியும் விடியற்காலையில் அதே கதைதான். அந்த நாலு லிட்டரை வாளியில் பிடித்து அம்மா கேரட் பாத்திக்கு ஊற்றுகிறார்.